வேர்க்‌ஷொப் முடிஞ்ச பிறகு நம்பிக்கை குறைஞ்சிட்டா?

கேள்வி: "நான் மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் ஒரு ஸ்கூல்ல தொழில் வழிகாட்டலுக்குப் பொறுப்பான டீச்சர். ஓ.எல் முடிச்சு ஏ.எல்லுக்கு வந்த 42 பிள்ளைகளுக்கு ரெண்டு நாள் வேர்க்‌ஷொப் ஒண்டு செஞ்சம். தொடங்க முதல் நம்பிக்கைய அளக்க ஒரு போம் குடுத்தம், முடிஞ்ச பிறகு அதே போம். பத்துக் கேள்வி, ஒவ்வொண்டுக்கும் 1ல இருந்து 5 வரைக்கும். முதல் அவரேஜ் 4.3, முடிஞ்ச பிறகு 3.8. அதிபர், 'என்ன டீச்சர், இருந்த நம்பிக்கையையும் எடுத்துட்டீங்களா' எண்டு பகிடியாத்தான் கேட்டார், ஆனா எனக்கு முகம் செத்துப் போச்சு. வலயக் கல்வி அலுவலகத்துக்கு ரிப்போர்ட்டும் குடுக்கணும். எங்க பிழைச்சது? போமையும் எக்ஸெலையும் அனுப்பியிருக்கன், பாத்துச் சொல்லுங்க."

டீச்சர், முதல்ல ஒண்டு சொல்றன், உங்கட வேர்க்‌ஷொப் பிழைச்ச மாதிரி எனக்குத் தெரியல்ல. போம்தான் பிழை. அதுவும் நீங்க மட்டும் விட்ட பிழை இல்ல, நானும் தொடக்கத்துல இதே மாதிரி ஒரு போம் அடிச்சு நூறு கொப்பி எடுத்து, கடைசியில அத என்ன செய்ற எண்டு தெரியாம அலுமாரிக்கு மேல வெச்சவன்தான்.

உங்கட முதல் கேள்விய எடுங்க. "எனது எதிர்காலம் குறித்து நான் நம்பிக்கையுடன் இருக்கிறேன்." இதுக்கு நம்மட புள்ளைகள் எத்தின போடுவாங்க? 5தான். நம்பிக்கை எண்ட சொல்லு நம்மகிட்ட லேசுப்பட்ட சொல்லா? கடவுள் நம்பிக்கையும் அதுதான், "நம்பிக்கையான ஆள்" எண்டு கடைக்காரர் கடன் குடுக்கிறதும் அதுதான், நாளைக்கு மழை பெய்யும் எண்டு வயலப் பாத்துட்டு இருக்கிறதும் அதுதான். 17 வயசுப் புள்ள ஒண்டு டீச்சர் தந்த பேப்பர்ல "எனக்கு நம்பிக்கை இல்ல" எண்டு போடுமா, போட்டா அது ஏதோ ஒழுக்கக் குறைவு மாதிரி இல்லையா. மறுகா ஒரு புள்ளை, "இன்ஷா அல்லாஹ் நடக்கும்" எண்ட மனசோட 5 போடும், இன்னொண்டு "மாமாங்கப் பிள்ளையார் பாத்துக்குவார்" எண்டு 5 போடும். ரெண்டும் உண்மைதான், ஆனா நீங்க அளக்க வந்தது அதையில்லையே.

நீங்க அளக்க வந்ததுக்கு நம்மட பேச்சுலயே நல்ல சொல்லு ஒண்டு இருக்கு, "ஏலும்". இந்த வேலைய எனக்குச் செய்ய ஏலும் எண்டு அந்தப் புள்ளை எவ்வளவு உறுதியா நினைக்குது, அவ்வளவுதான் விசயம். அல்பர்ட் பண்டூரா எண்ட உளவியலாளர் 1977ல எழுதினதும் இதத்தான், ஒரு குறிப்பிட்ட வேலையச் செஞ்சு முடிக்கத் தன்னால ஏலும் எண்டு ஒரு ஆள் வெச்சிருக்கிற எண்ணம், தமிழ்ல சுயதிறன் நம்பிக்கை எண்டு எழுதுறாங்க. இதுல "குறிப்பிட்ட வேலை" எண்டதுதான் முக்கியம். ஒரு பொடியன்கிட்ட "உனக்கு தண்ணியில பயமில்லையா" எண்டு கேட்டா பயமே இல்ல எண்டுதான் சொல்லுவான். "குருமண்வெளியில இருந்து வாவியக் கடந்து மண்டூருக்கு, காத்து நேரம், தனியத் தோணி வலிச்சுட்டுப் போவியா" எண்டு கேட்டுப் பாருங்க, கொஞ்சம் யோசிப்பான். அந்த யோசிக்கிற இடத்துலதான் அளவு இருக்கு.

இதத் தொழில் தெரிவுக்குக் கொண்டு வந்தவங்க கேரன் டெய்லர், நான்சி பெட்ஸ் எண்ட ரெண்டு பேர், 1983ல. 50 கேள்வி உள்ள ஒரு அளவுகோல் செஞ்சாங்க, 1996ல அத 25 ஆச் சுருக்கினாங்க. அதுக்கு அடிப்படை ஜோன் கிரைட்ஸ் எண்டவர் சொன்ன அஞ்சு திறமை. தன்னைத் தானே சரியா மதிப்பிடுறது, தொழில் பற்றின தகவலத் தேடி எடுக்கிறது, ஒரு இலக்கத் தெரிவுசெய்றது, அதுக்குத் திட்டம் போடுறது, இடையில தடை வந்தா அதச் சமாளிக்கிறது. ஒவ்வொண்டுக்கும் 5 கேள்வி, மொத்தம் 25. கேள்வி எல்லாம் "இந்த வேலையச் செய்ய உன்னால ஏலும் எண்டு எவ்வளவு உறுதியா இருக்காய்" எண்ட மாதிரியே போகும். பதில் முதல்ல 0ல இருந்து 9 வரைக்கும் இருந்தது, பிறகு 1–5 போதும் எண்டு மாத்தினாங்க. உங்கட பத்துக் கேள்வியையும் இந்த அஞ்சுக்குள்ள போட்டுப் பாத்தன் டீச்சர், எட்டுக் கேள்வி இலக்குப் பக்கமே நிக்குது, தகவலுக்கு ஒண்டுமே இல்ல, தடைக்கும் ஒண்டும் இல்ல. ஏழாவது கேள்வி "பொருத்தமான தொழிலைத் தெரிவுசெய்து அதற்குத் திட்டமிட என்னால் முடியும்", இது ரெண்டு கேள்விய ஒண்டாக் கட்டினது, தெரிவு செய்ய ஏலும் திட்டம் போட ஏலாத புள்ளை எத்தின போடும்? பத்தாவது "நான் நிச்சயம் எனது இலட்சியத்தை அடைவேன்", இது ஏலுமா எண்டதில்ல, நடக்குமா எண்டது. சாத்திரிகிட்ட கேக்க வேண்டிய கேள்வி.

அந்த 25 கேள்வி அளவுகோலையே தமிழாக்கிப் போடலாமா எண்டு அடுத்து கேப்பீங்க, எல்லாரும் கேக்கிறதுதான். ரெண்டு காரணத்துக்காக வேணாம் எண்டுவன். ஒண்டு, அதுக்கு உரிமையாளர் இருக்காங்க, அனுமதி எடுத்துக் காசு கட்டித்தான் பாவிக்கணும், மொழிபெயர்க்கிறதுக்கும் அனுமதி வேணும். மற்றது, அது அமெரிக்கக் கம்பஸ் பிள்ளைகளுக்குச் செஞ்சது. அங்க ஒரு பாடம் பிடிக்கல்ல எண்டா கம்பஸுக்குள்ளயே பிரதான பாடத்த மாத்திக்கலாம், அத வெச்சே கேள்வி இருக்கு. இஞ்ச பயோல இருக்கிற புள்ளை ஆர்ட்ஸுக்குப் போறது எண்டா அது ஒரு குடும்ப மகாநாடு. கம்பஸுக்கு எண்டா மூண்டு தரம்தான் ஏ.எல் எழுதலாம், அதுல ஒரு தரத்தச் செலவழிக்கிற தீர்மானம் அது. அதால அஞ்சு திறமைய மட்டும் எடுத்துக்கொண்டு, நம்மட புள்ளைகள் உண்மையாச் செய்ய வேண்டிய வேலைகள வெச்சு நீங்களே கேள்வி எழுதுங்க, அந்த அளவுகோலின்ட பேர மட்டும் போடாதீங்க.

எப்படி வேலை எண்டா, தகவலுக்கு இப்படி: "ஏ.எல் பெறுபேறு வந்த பிறகு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுட கைநூலத் திறந்து, என்ட இசட் ஸ்கோருக்கு மட்டக்களப்பு மாவட்டத்துல போன வருசம் எந்தெந்தக் கோர்ஸ் கிடைச்சிருக்கும் எண்டு நானே பாத்து எடுக்க ஏலும்." இசட் ஸ்கோர் எண்டது கம்பஸுக்கு ஆள் எடுக்கப் பாக்கிற ஏ.எல் புள்ளி. பாருங்க இது ஒரு புள்ளைக்கு எவ்வளவு பெரிய வேலை, கூடுதலான கோர்ஸுக்கு 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் கல்வியில பின்தங்கிய மாவட்டம் எண்டு கணக்கு இருக்கு, மட்டக்களப்பு அம்பாறை ரெண்டுமே அந்தப் பின்தங்கின பட்டியல்ல இருக்கு, இது தெரியாம எத்தின புள்ளைகள் விருப்ப வரிசையக் கொமினிகேசன் கடைக்காரத் தம்பிகிட்ட குடுத்து நிரப்புது எண்டு உங்களுக்கே தெரியும். இன்னொரு தகவல் கேள்வி: "என்.வி.கியூ 4 (தேசிய தொழிற் தகைமை, 4ம் மட்டம்) எடுக்க எனக்குப் பக்கத்துல எங்க படிக்கலாம், எவ்வளவு காலம், செலவு எவ்வளவு எண்டு ஒரு கிழமைக்குள்ள கண்டுபிடிக்க ஏலும்." தன்னைப் பற்றினதுக்கு, "ரிப்போர்ட்ல மார்க்ஸ் கூடின பாடத்தையும் நான் விரும்பிப் படிக்கிற பாடத்தையும் பிரிச்சுச் சொல்ல ஏலும்." இலக்குக்கு, "எனக்கு முன்னுக்கு இருக்கிற மூண்டு வழியில ஒண்ட எடுத்து, ஏன் மற்ற ரெண்டும் இல்ல எண்டு காரணம் சொல்ல ஏலும்." திட்டத்துக்கு, "ஒரு விண்ணப்பத்துக்கு வேண்டிய பேப்பர் எல்லாம், ஜிஎஸ் (கிராம சேவகர்) சேட்டிபிக்கட் வரைக்கும், கடைசித் தேதிக்கு ஒரு கிழமை முதலே சேத்து வைக்க ஏலும்." தடைக்கு, "எனக்கு விருப்பமான கோர்ஸ் கிடைக்கல்ல எண்டா ஒரு மாசத்துக்குள்ள அடுத்த வழியத் தேடத் தொடங்க ஏலும்." இப்படி 15 கேள்வி போதும், ஒவ்வொண்டுக்கும் மூண்டு. 25 போட்டா நம்மட புள்ளைகள் பதினெட்டாவதோட களைச்சு மிச்சத்துக்கு ஒரே நேர்கோட்டுல புள்ளடி போட்டுட்டுப் போயிருவாங்க.

எழுதின உடனே கொப்பி அடிக்காதீங்க. அஞ்சாறு புள்ளைகளக் கூப்பிட்டு, கேள்விய வாசிக்கச் சொல்லி, "இது என்ன கேக்குது எண்டு உன்ட வாயால சொல்லு பாப்பம்" எண்டு கேளுங்க. எழுத்துத் தமிழ்ல நாம எழுதுறது அவங்களுக்கு வேற மாதிரிப் போய்ச் சேருற இடம் அப்பதான் தெரியும். நான் ஒருக்கா "தொழில்" எண்டு எழுதினன், வாழைச்சேனைப் பக்கம் ஒரு பொடியன் அத மீன்பிடித் தொழில் எண்டே எடுத்துக்கொண்டு எல்லாத்துக்கும் 5 போட்டிருந்தான். வாப்பா படகு வெச்சிருக்கார், அவனுக்கு அதுல என்ன சந்தேகம்.

இன்னொரு வேலை, போமுக்கு முதல் ஒரு பழக்கக் கேள்வி போடுங்க. பண்டூரா 2006ல இந்த மாதிரி அளவு செய்றது எப்படி எண்டு ஒரு வழிகாட்டி எழுதினார், அதுல பாரம் தூக்குறதத்தான் பழகக் குடுத்திருக்கார். நாம அரிசி மூட்டையில செய்யலாம், 5 கிலோ தூக்க ஏலுமா, 25 கிலோ, 50 கிலோ, 100 கிலோ எண்டு. புள்ளைகள் சிரிச்சுக்கொண்டே 5, 5, 3, 1 எண்டு போடுவாங்க, அப்பதான் 1 போடுறது வெக்கமில்ல, அது பாரத்தப் பொறுத்தது எண்டு கைக்குப் பழகும். ரெண்டு நிமிசம்தான் செலவு.

இப்ப 4.3 ஏன் 3.8 ஆச்சு எண்டதுக்கு வாறன். உங்கட எக்ஸெல்ல பாத்தா முதல் போம்ல 14 புள்ளைகள் பத்துக்கும் 5 போட்டிருக்காங்க, ரெண்டாவதுல 3 பேர்தான். அந்த 14 பேருக்கும் முதல் நாள் என்ன தெரியும்? "கம்பஸ் போவன், வேலை எடுப்பன்." ரெண்டு நாள் நீங்க இசட் ஸ்கோர், கோட்டா, என்.வி.கியூ, எச்.என்.டி எண்ட உயர் தேசிய டிப்ளோமா, தாழங்குடாக் கல்வியியற் கல்லூரி எண்டு எல்லாத்தையும் விளங்கப்படுத்தினீங்க. அப்ப அந்தப் புள்ளைக்கு "ஓ, இதுக்குள்ள இவ்வளவு இருக்கா" எண்டு தெரிஞ்சிருக்கு, அதே 1–5 அளவுதான், ஆனா மனசுக்குள்ள வெச்சு அளக்கிற அடிமட்டம் நீண்டுட்டு. ஆராய்ச்சிக்காரர் இதுக்கு ஒரு பேர் வெச்சிருக்காங்க, பதில் அளவு நகர்றது எண்டு சொல்லலாம். முதல் நாள் 5ம் கடைசி நாள் 4ம் ஒரே அடிமட்டத்துல அளந்ததில்ல.

இதுக்கு ஒரு வழி இருக்கு. முடிஞ்ச பிறகு குடுக்கிற போம்ல ரெண்டு பெட்டி போடுங்க. "இப்ப எத்தின?" எண்டு ஒண்டு, "வேர்க்‌ஷொப்புக்கு முதல் நாள் நீ எங்க இருந்தாய் எண்டு இப்ப யோசிச்சுப் பாத்தா எத்தின?" எண்டு இன்னொண்டு. அந்த 14 பேர்ல பலர் இப்ப தங்கட பழைய 5ஐ 2 எண்டு போடுவாங்க, அப்ப 2ல இருந்து 4க்கு வந்திருக்கு எண்டு தெரியும். ஆனா இதையும் முழுசா நம்பிடாதீங்க, டீச்சர் பாவம் ரெண்டு நாள் கஷ்டப்பட்டவ எண்டு பழையதக் குறைச்சுப் போடுற நல்ல மனசுக்காரப் புள்ளைகளும் இருக்கு. அதால மூண்டையும் எடுத்து வைங்க, முதல் நாள் போட்டது, இப்ப, திரும்பிப் பாத்தது. மறுகா ஒரு ஆறு கிழமை போன பிறகு இன்னொருக்கா, அப்ப எண்ணத்தோட சேத்து செயலையும் கேளுங்க, கைநூலத் திறந்தியா, நீ போக விரும்புற வேலையில இருக்கிற ஒரு ஆளோட பேசினியா, பிரதேச செயலகத்துல மனிதவள உத்தியோகத்தரப் போய்ப் பாத்தியா, ஆம் இல்லை மட்டும். எண்ணம் 4ல நிக்குது, ஆனா ஒண்டும் செய்யல்ல எண்டா அந்த 4க்கு என்ன பெறுமதி எண்டு நீங்களே தீர்மானிக்கலாம்.

பேர் எழுதச் சொல்லாதீங்க. ஆனா முதல் போமும் ரெண்டாவதும் ஒரே புள்ளைட எண்டு தெரியவும் வேணும், இல்லாட்டி அவரேஜ அவரேஜோட ஒப்பிட்டுக்கொண்டு இருக்கிறதுதான் மிச்சம். ஒரு குறியீடு போடச் சொல்லுங்க, அம்மாட போன் நம்பர்ல கடைசி ரெண்டு இலக்கம், பிறந்த தேதி, பேர்ல மூண்டாவது எழுத்து, இப்படி. போம் நிரப்பக்குள்ள வகுப்பாசிரியர் பக்கத்துல நடந்து திரியவும் வேணாம், அதிபர் எட்டிப் பாக்கவும் வேணாம். நீங்க கூட கதவடியில நில்லுங்க.

கணக்குப் பாக்கிறதுல ஒண்டு மட்டும் அழுத்திச் சொல்றன். மொத்த அவரேஜ் ஒரு புள்ளையப் பற்றி ஒண்டும் சொல்லாது. ஒரு புள்ளைக்கு தன்னை அறியிறது 4.3, தகவல் 2.0, இலக்கு 4.3, திட்டம் 3.7, தடை 2.7 எண்டு வைங்க, மொத்தம் 3.4 வரும், பரவால்ல எண்டு கடந்து போயிருவீங்க. உண்மையில அது தன்னையும் தெரிஞ்சு, என்னவாக வேணும் எண்டும் தெரிஞ்சு, வழி மட்டும் தெரியாம நிக்கிற புள்ளை. அதுக்கு இன்னொரு ஊக்குவிப்புப் பேச்சு வேணாம், ஒரு லப்டொப்பும் அரை மணித்தியாலமும் வேணும். கேள்விகள் ஒண்டோட ஒண்டு ஒத்துப் போகுதா எண்டு பாக்க குரோன்பாக் அல்பா எண்டு ஒரு கணக்கு இருக்கு, எக்ஸெல்லயே போடலாம், பொதுவா 0.7க்கு மேல வந்தா சரி எண்டு எடுக்கிற. அந்த அமெரிக்க 25 கேள்விக்கு மொத்தமா 0.94 வந்தது. ஆனா அந்த அஞ்சு பிரிவும் உண்மையில தனித்தனியா நிக்குதா, எல்லாம் ஒண்டுக்குள்ள ஒண்டு கலந்து போகுதா எண்டதுல ஆராய்ச்சிக்காரருக்கே இன்னும் சண்டைதான், அதால பிரிவு மார்க்ஸ புள்ளையோட பேசத் தொடங்கிற சாட்டா மட்டும் வெச்சுக்கோங்க, தீர்ப்பா எடுக்காதீங்க. 42 பேர வெச்சு பெரிய புள்ளிவிபரம் பேசவும் ஏலாது. எத்தின பேருக்குக் கூடிச்சு, எத்தின பேருக்குக் குறைஞ்சிச்சு, எத்தின பேர் அப்படியே எண்டு எண்ணிப் போட்டாலே ரிப்போர்ட்டுக்குக் காணும்.

இனி நான் நீண்ட காலம் கவனிக்காம விட்ட ஒரு விசயம். "வேற மாவட்டத்துல ஒரு கோர்ஸுக்கு விண்ணப்பிச்சு போய்ப் படிக்க ஏலும்" எண்டு ஒரு கேள்வி போட்டிருந்தன். பொம்பிளைப் புள்ளைகள் வரிசையா 1, 2 எண்டு போட்டிருந்தாங்க. நான் அதப் பாத்துட்டு, இவங்களுக்குத் தன்னம்பிக்கை காணாது, இதுக்கு ஒரு நிகழ்ச்சி செய்வம் எண்டு திட்டமெல்லாம் போட்டன். அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு தங்கச்சிதான் சொன்னா, "சேர், எனக்கு ஏலும். வாப்பா விடமாட்டார். அதுக்கு எந்த நம்பரப் போடுற?" எனக்கு வாயடைச்சுப் போச்சு. ஏலாமை வேற, விடாமை வேற, ரெண்டையும் ஒரே பெட்டிக்குள்ள போட்டுட்டு குறைய அந்தப் புள்ளைட தலையில கட்டியிருக்கன். லென்ட், பிரவுண், ஹேக்கெட் எண்ட மூண்டு பேர் 1994ல எழுதின கோட்பாட்டுலயே இது இருக்கு, ஆளுட சுயதிறன் ஒரு பக்கம், சூழல்ல இருக்கிற ஆதரவும் தடையும் இன்னொரு பக்கம் எண்டு. வாசிச்சிருந்தன், ஆனா போம் எழுதக்குள்ள மறந்து போச்சு.

அதால கேள்விட தொடக்கத்துல "வீட்டுல சம்மதம் எண்டு வெச்சுக்கொண்டா" எண்டு ஒரு வரி போட்டு ஏலுமா எண்டு கேளுங்க, கீழ தனியா "வீட்டுல சம்மதிப்பாங்களா", "பஸ் காசு, தங்குற செலவு ஒத்து வருமா" எண்டு கேளுங்க. மேல 5, கீழ 1 எண்டு வந்தா நீங்க பேச வேண்டியது புள்ளையோட இல்ல, பெற்றார் கூட்டத்துல. சில நேரம் மேலயே உண்மையாக் குறைவா வரும், அதுவும் இருக்கு. 1981லயே பெட்ஸும் ஹேக்கெட்டும் காட்டினாங்க, திறமைப் பரீட்சையில ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருந்தும், ஆம்பிளைகள்ட வேலை எண்டு ஊர் சொல்ற வேலைகளுக்கு பெண் பிள்ளைகள் தங்களுக்கு ஏலும் எண்டு நினைக்கிறது குறைவு எண்டு. நம்மட டெக் (தொழில்நுட்ப) பிரிவு வகுப்புல உக்காந்து பாத்தா இது இண்டைக்கும் தெரியும்.

குறைஞ்ச இடம் தெரிஞ்ச பிறகு என்ன செய்ற எண்டும் கேப்பீங்க. இந்த "ஏலும்" எண்டது நாலு இடத்துல இருந்து வருது எண்டு பண்டூரா சொல்றார். தானே செஞ்சு பாத்து வெற்றி காணுறது, தன்னைப் போல ஒரு ஆள் செய்றதப் பாக்கிறது, மத்தவங்க சொல்லிக் குடுக்கிற உற்சாகம், மறுகா அந்த நேரம் உடம்பும் மனசும் இருக்கிற நிலை, பயம் பதட்டம் எல்லாம். இதுல நாம காசு செலவழிக்கிறதெல்லாம் மூண்டாவதுக்கு. மைக்கப் புடிச்சு ரெண்டு மணித்தியாலம் கத்திட்டுப் போற ஆளக் கூப்பிடுறம், புள்ளைகளும் கை தட்டுது, ஒரு கிழமைக்குள்ள அது வடிஞ்சிரும். அடுத்த தரம் உங்கட ஸ்கூல்லயே படிச்சு, ரெண்டாம் தரம் ஏ.எல் எழுதியும் கம்பஸ் கிடைக்காம, பிறகு கோவில்குளத்துல உயர் தொழில்நுட்ப நிறுவனத்துல எச்.என்.டி முடிச்சு வேலை செய்ற ஒரு அண்ணன், அல்லது நேர்சிங் செய்ற ஒரு அக்கா, அப்படி ஒருத்தரக் கூட்டிட்டு வந்து, எங்க விழுந்தன் எப்படி எழும்பினன் எண்டு கதைக்கச் சொல்லுங்க. பெரிய டொக்டரக் கூப்பிட்டா புள்ளைகள் "அவர் கெட்டிக்காரர், நமக்கு ஏலாது" எண்டுதான் எடுக்கும். மறுகா புள்ளைகளையே ஒரு சின்ன வேலை செய்ய வையுங்க, ஒரு தொழில் பாக்கிற ஆளுக்குப் போன் எடுத்து மூண்டு கேள்வி கேட்டுட்டு வா எண்டு. ஒருக்காச் செஞ்ச புள்ளைட தகவல் மார்க்ஸ் அடுத்த போம்ல தானாக் கூடியிருக்கும்.

ரிப்போர்ட்டுக்கு 4.3, 3.8 ரெண்டையும் மறைக்காம எழுதுங்க. பக்கத்துல, முதல் போம்ல 14 பேர் எல்லாத்துக்கும் 5 போட்டிருந்தாங்க, தகவல் குடுத்த பிறகு அது 3 ஆக் குறைஞ்சிச்சு, பிள்ளைகள் தங்கட நிலைய இப்ப திருத்தி மதிப்பிடுறாங்க எண்டு பாக்குறம், புது போமோட ஆறு கிழமையில திரும்ப அளப்பம் எண்டு ரெண்டு வரி போடுங்க. அதிபருக்கும் இந்த 14, 3 கணக்கக் காட்டுங்க, விளங்கிக்குவார்.

ஆனா ரிப்போர்ட்டுக்கு முதல், ரெண்டாவது போம்லயும் பத்துக்கும் 5 போட்ட அந்த 3 புள்ளைகளக் கவனிங்க. இந்த முறை பேர் போட்டு வாங்கினபடியா ஆர் எண்டு உங்களுக்குத் தெரியும். ஒண்டு உண்மையாவே தெளிவா இருக்கிற புள்ளையா இருக்கலாம், ஒண்டு வாசிக்காமலே புள்ளடி போட்டதா இருக்கலாம், ஒண்டு சின்ன வயசுல இருந்து வீட்டுல "டொக்டர் மகள்" எண்டு கூப்பிட்டு கூப்பிட்டு வேற ஒண்டையும் யோசிக்கவே விடாத புள்ளையா இருக்கலாம். போம்ல மூண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். இன்டர்வெல்ல தனித்தனியக் கூப்பிட்டு, "டொக்டர் கிடைக்கல்ல எண்டா என்ன செய்வாய் மகள்" எண்டு சும்மா கேட்டுப் பாருங்க. கேள்வியக் கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருங்க, அவசரப்பட்டு நீங்களே பதிலச் சொல்லிடாதீங்க.